பரிதிக்காகத் தேர்ந்தெடுத்த போட்டு

ஒரே ஒரு கடலில் ரெண்டே ரெண்டு போட்டு இருந்ததாம், அக்கா. ஒன்று சின்ன போட்டு, ஒன்று பெரிய போட்டு. எதில் ஏறுவது என்று ரெண்டு பேர் மூன்று மாதம் உட்கார்ந்து யோசித்தார்களாம்.

கோவிச்சுக்காதீங்க. எங்கள் வீட்டில் கதை சொல்லியே வளர்த்துவிட்டார்கள். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் எனக்கு இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த ஸ்டூலில் உட்காருங்க, அது ஈரம். இன்றைக்குக் கற்றுக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது. லூர்து சார் மட்டும் உள்ளே ஆபீஸில் இருக்கிறார். இந்த டைவிங் ஸ்கூல் அவருடையதுதான். பரிதி சொல்லியிருப்பான்.

நீங்கள் கேட்டது எனக்குப் புரிந்தது, அக்கா. மழையில் கடலூரிலிருந்து பஸ் ஏறி, தம்பிக்குத் தெரியாமல், அவன் லாக் புக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். போன டைவ் எல்லாம் எழுதி வைக்கிற நோட்டு அது. எங்களுக்கு அதுதான் ஜாதகம் மாதிரி. அதில் கடைசிப் பத்தொன்பது டைவ் உங்கள் தம்பி எழுத்து இல்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். டீச்சர் இல்லையா, எத்தனை பரீட்சைப் பேப்பர் திருத்தியிருப்பீர்கள். பரிதிக்கு ஏழு சாதாரண ஏழு. நான் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவேன். அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்தமானில் அவனுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. காது ஆறிவிட்டது, இனி இறங்கலாம் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் கேட்பது ஸ்கூலிலிருந்து ஒரு கடிதம். லூர்து சார் கொடுக்க மாட்டேன் என்கிறார், கள்ளக் கையெழுத்துப் போட்டவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார். அதனால் நான் ஒரு வரி எழுதித் தரவேண்டும். 'இந்தப் பத்தொன்பதையும் எழுதி, லூர்து சார் கையெழுத்தையும் போட்டது நான், பரிதி இல்லை.' அவ்வளவுதானே. எழுத மாட்டேன் என்று சொன்னேனா? எழுதுகிறேன். பேனாவைக் கொடுங்க, கையிலேயே வைத்துக்கொள்கிறேன். ஆனால் என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போங்க. நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் இதே சமயம்தான். சனி ஞாயிறு ரெண்டு நாளும் நாங்கள் ரெண்டு பேரும் இங்கே வந்துவிடுவோம். சிலிண்டர் தூக்குவோம், வெட்-சூட் அலசிக் காயப்போடுவோம், பயப்படுகிற கஸ்டமர் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்போம். அதற்குப் பதிலாக சார் எங்களை டைவ் கூட்டிக்கொண்டு போவார். அப்படித்தான் எனக்கு அறுபத்து மூன்று டைவ் சேர்ந்தது. பரிதிக்கு முப்பத்தொன்று. அவன் வேலை பார்க்கிற பேட்டரி கடையில் ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கடி கூப்பிட்டுவிடுவார்கள்.

மாலத்தீவுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது யார் என்று கேட்டால், ரெண்டு பேரும்தான். அங்கே போட்டிலேயே ஏழு நாள் தங்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதிலேயே. கரைக்கே வருவதில்லை. காலையில் கண்ணைத் திறந்தால் டைவ், சாப்பிட்டால் டைவ். பெரிய போட்டு ஆழத்தில் நிற்கும், கூடவே ஒரு தோணி வரும், அதில் ஏறிப் போய்க் குதிக்க வேண்டும். அங்கேயும் அதைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள், அக்கா. எனக்கு அது கேட்க ரொம்பப் பிடித்திருந்தது.

ரெண்டு போட்டு பார்த்து வைத்தோம். சின்னது மரப்போட்டு. பத்துப் பேர்தான் போக முடியும். கீழ்த்தளத்தில் ஃபேன். தீவுக்கூட்டத்துக்கு உள்ளேயே, அலை இல்லாத பாறைகளாகப் பார்த்துக் கூட்டிப்போவார்கள். பெரியது வெள்ளைப் போட்டு. மூன்று தளம். மேலே ஊஞ்சல் கட்டி ஒரு படம் போட்டிருந்தார்கள். அந்த ஊஞ்சலைப் பார்த்தீர்கள் என்றால் நீங்களும் அதைத்தான் எடுப்பீர்கள். அது வெளிக்கடல் ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்து ஓடுகிற வாய்க்கால்களுக்குப் போகும். அங்கே நீரோட்டம் பலமாக இருக்கும், அந்த நீரோட்டத்தில் சுறாக்கள் சுவர் மாதிரி நிற்கும். ஆனால் ஐம்பது டைவ் முடித்தவர்களைத்தான் ஏற்றுவார்கள்.

பரிதி என்ன செய்தான் தெரியுமா? ரெண்டு போட்டுக்கும் ஒரே மாதிரிக் கேள்வி எழுதி அனுப்பினான். ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே வைத்திருக்கிறீர்கள், ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஒருத்தன் பாதியில் மேலே வந்துவிட்டால் தோணி யாரைப் பின்தொடரும், ஒரு டைவ் வேண்டாம் என்று உட்கார்ந்தால் முகம் சுளிப்பீர்களா. ஊஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது.

"போட்டு பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியாடா?" என்று கேட்டேன்.

"ஏழு நாள் குடும்பம் நடத்தணுமில்ல," என்றான்.

சின்ன போட்டிலிருந்து ஒரு அம்மா ஒரு மணி நேரத்தில் பதில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக. இவன் தன் இடது காதைப் பற்றியும் எழுதியிருந்தான். அதற்கு அந்த அம்மா, 'பரவாயில்லை, உங்களுக்குக் கயிறு போட்டுத் தருகிறோம், பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள், மற்றவர்கள் காத்திருப்பார்கள்' என்று எழுதியிருந்தார்கள். பெரிய போட்டிலிருந்து நாலு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. பாட்டோடு.

அவன் காது உங்களுக்குத் தெரியும்தானே. சின்ன வயதில் சீழ் வந்த காது. தண்ணீருக்குள் இறங்க இறங்கக் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊதித் திறந்துகொண்டே போக வேண்டும். எனக்கு ஒரு ஊது போதும். அவன் ரெண்டடிக்கு ஒரு தடவை நிற்பான். மேலே ஏறுவான். மறுபடி இறங்குவான். முப்பத்தொரு டைவிலும் நான்தான் அவனுக்கு ஜோடி. முப்பத்தொரு தடவையும் கீழே மணலில் மண்டி போட்டுக்கொண்டு மேலே பார்த்துக் காத்திருப்பேன். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. காற்று செலவாகும், அவ்வளவுதான்.

"சின்ன போட்டே போதும்டா," என்றான் பரிதி. "அந்தம்மா பேச்சே நல்லா இருக்கு."

நான்தான் வேண்டாம் என்றேன். அவனுக்காகத்தான் சொன்னேன், அக்கா. போகிறது ஒரு தடவை, வாழ்க்கையில் திரும்பப் போவோமோ மாட்டோமோ. நம்ம ஊர்ப் பாறையைப் பார்க்கிற மாதிரியே அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமா? அவன் நல்லதைப் பார்க்கட்டும் என்றுதான். என்னை மட்டும் பெரிய போட்டில் ஏற்றிக்கொள்வார்கள், அது வேறு விஷயம். ஆனால் ஜோடி இல்லாமல் போனால் யாரோ முன்பின் தெரியாதவனோடு இறங்க வேண்டும், யாரோடோ அறையில் படுக்க வேண்டும். அதையும் நினைத்தேன். அதை மட்டும் நினைத்தேன் என்று சொல்லக் கூடாது.

ஒரு வாரம் பிடித்தது அவனைச் சம்மதிக்க வைக்க. சம்மதம் என்று அவன் வாயால் சொல்லவில்லை. "என்னமோ பண்ணுடா" என்று சொல்லிவிட்டு நோட்டை இந்த மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். அது சம்மதம்தானே? நீங்களே சொல்லுங்க.

மத்தியானம் சாப்பிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். மூன்று பேனா வைத்திருந்தேன், ஒரே மசியாக இருக்கக் கூடாது இல்லையா. நோட்டில் ரெண்டு இடத்தில் உப்புத் தண்ணீர் தொட்டுத் தடவினேன். சும்மா நம்பரும் ஆழமும் போட்டிருந்தால் போதும், அக்கா. எனக்கு அது வரவில்லை. முப்பத்தி ரெண்டாவது டைவில் ஒரு ஆமை வந்து பரிதி காலில் மாட்டியிருந்த துடுப்பை முகர்ந்தது. நாற்பதாவதில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது, அவன் திசைகாட்டியை வைத்தே எல்லாரையும் போட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்தான். நாற்பத்தேழாவதில் பலமான நீரோட்டம், தயங்காமல் நேராகக் குதித்து இறங்கினான், பாறையில் கொக்கி மாட்டிக்கொண்டு நின்றான். காதில் எந்தத் தொந்தரவும் இல்லை. அதை ஐந்தாறு டைவில் எழுதினேன். முன்னாடிப் பக்கங்களில் அவனே 'இடது காது மெதுவாக' என்று எழுதி வைத்திருந்தான், அதைப் பார்த்துவிட்டு ஏற்றாமல் விட்டுவிட்டால்? அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் காது சரியாகிக்கொண்டே வருகிற மாதிரி எழுதினேன். படித்தால் நீங்களே நம்புவீர்கள். படித்திருக்கிறீர்கள் இல்லையா? நன்றாக இருந்ததா?

இல்லை. கேட்கக் கூடாது.

சார் கையெழுத்து சுலபம். முதல் எழுத்து, அப்புறம் ஒரு அலை. ஸ்கூல் சீல் இந்த டிராயரில்தான் இருக்கும்.

போனோம். முதல் நாள் சாயங்காலம் பெரிய போட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்து, ஹஸீம் என்று ஒரு கைடு, அந்த ஊர்க்காரர், எல்லார் நோட்டையும் வாங்கிப் படித்தார். நான் நினைத்தேன், சும்மா எண்ணிப் பார்ப்பார்கள் என்று. அவர் படித்தார், அக்கா. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். சிரித்தார்கூட, ஆமை வந்த இடத்தில். அப்புறம் ரெண்டு குழுவாகப் பிரித்தார். மெதுவாக இறங்குகிறவர்கள் ரெண்டாவது தோணி. நேராகக் குதிக்கிறவர்கள் முதல் தோணி. "பரிதி, நீ முதல் தோணி" என்றார்.

பரிதி என்னைப் பார்த்தான்.

மேஜையில் பப்பாளி வெட்டி வைத்திருந்தார்கள். நான் அதில் ஒரு துண்டு எடுத்தேன்.

அவனே சொல்லியிருக்கலாம் இல்லையா? 'எனக்குக் காது சரியில்லை, நான் ரெண்டாவதில் வருகிறேன்' என்று. நோட்டில் இருப்பது பொய் என்று தெரிந்துவிடும் என்று பயந்தான் போல. என் பெயரும் வெளியே வரும் என்று. சொல்லாதே என்று நான் சொன்னேனா? நான் வாயே திறக்கவில்லை.

முதல் ரெண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. லேசான இடம். அவன் சமாளித்தான். மேலே வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவான், யாரும் பார்க்காத பக்கமாக. "எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை. "சத்தம் கேக்குது, கடல் உள்ள பூந்த மாதிரி," என்றான். எனக்கு அது அழகாக இருந்தது. அவன் வலியைச் சொல்கிறான் என்று அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்த வாய்க்கால். குதித்ததும் நிற்காமல் கீழே போக வேண்டும். எண்பது அடிக்கு மேல். நின்றால் நீரோட்டம் அள்ளிக்கொண்டு போய்விடும். கீழே பாறை விளிம்பில் கொக்கியை மாட்டிக்கொண்டு காற்றாடி மாதிரி நின்று பார்க்க வேண்டும். நான் போய் மாட்டினேன். நிமிர்ந்தால், அக்கா, எதிரே சுறா. ஒன்று ரெண்டு இல்லை. சாம்பல் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, அசையாமல். அந்த மாதிரி ஒன்றை நீங்கள் பார்த்தால் உங்கள் பெயரே உங்களுக்கு மறந்துபோகும்.

ஜோடி பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அதுதான் முதல் பாடம். இங்கே வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். நானும் திரும்பிப் பார்த்தேன். பார்த்தேன். அதற்குள் ஒரு ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அவன் பாதி வழியில் நின்றிருக்கிறான். காது திறக்கவில்லை. நின்றால் என்னைத் தவறவிட்டுவிடுவோம் என்று, வலியோடு இன்னும் பத்தடி இறங்கியிருக்கிறான். செவிப்பறை கிழிந்து, குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய், தலை சுற்றி மேலே எது கீழே எது என்று தெரியவில்லையாம். தன் மூச்சுக் குமிழி போகிற பக்கம்தான் மேலே என்று, அதைப் பார்த்துப் பார்த்து வந்திருக்கிறான். அதையும் சின்ன போட்டு அம்மா எழுதிய பதிலில்தான் படித்தானாம். வந்து, தோணிக்கு அடையாளம் காட்டுகிற ஆரஞ்சு ட்யூபை ஊதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். தோணி எங்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது, எங்களுக்காக. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். எந்தப் பக்கமும் கரையே தெரியாத இடத்தில்.

தோணியில் ஏற்றியபோது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "சுறா இருந்துச்சாடா?" என்றான்.

நான் எத்தனை என்று சொன்னேன், அக்கா. எண்ணிச் சொன்னேன்.

போட்டுக்கு வந்ததும் ஹஸீம் நோட்டை எடுத்து வந்து மேஜையில் விரித்தார். சத்தம் போடவில்லை. "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். நான் பரிதிக்குத் துண்டு பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவன், "நான்தான்" என்று சொல்லிவிட்டான். அவன் முந்திக்கொண்டான். அப்புறம் என்னிடம், "ரெண்டு பேரையும் கரையில இறக்கி விட்டுட்டா? இன்னும் நாலு நாள் இருக்கு. நீயாவது பாருடா" என்றான்.

பார்த்தேன். இன்னும் ஒன்பது டைவ். அவன் சொன்னதற்காகத்தான் போனேன். அவன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த ஊஞ்சலில் ஒரு தடவைகூட ஆடவில்லை. ஆடினால் தலை சுற்றும்.

இங்கே வந்தால், அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து லூர்து சாருக்கு அனுப்பியிருந்தார்கள். சார் எங்களைக் கூப்பிட்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் பரிதி நின்றான். மறுபடியும், "நான்தான் சார்" என்றான். சார் போனில் அந்தப் படங்களை மறுபடி ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "உன்கிட்ட இதை எதிர்பாக்கலடா. சஞ்சீவி பண்ணியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்" என்றார்.

எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா, அந்த வார்த்தை? நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

அதோடு பரிதி இங்கே வரவில்லை. அவனைத்தான் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக சார் சொல்லி வைத்திருந்தார். ஆள் வேண்டுமே என்று என்னைக் கேட்டார். நான் போய்க் கேட்கவில்லை, அக்கா. அவராகவேதான் கூப்பிட்டார். எட்டு மாதமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்கள் நோட்டுக்கெல்லாம் சீல் வைக்கிறேன். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் அவன் முகம் வருகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. போன மாதம் ரெண்டு தடவை கடலூருக்கு பஸ் ஏறினேன். ஒரு தடவை பாதி வழியில் பாகூரில் இறங்கிவிட்டேன். ஒரு தடவை உங்கள் தெரு முனை வரைக்கும் வந்தேன். கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் படுகிற பாடு பரிதிக்குக்கூடத் தெரியாது. காது வலி ஆறிவிடுகிறது. இது ஆறுகிறதா?

என்ன கேட்டீர்கள்? ஆமாம். எழுதுகிறேன். சொன்னேனே.

இந்தப் பக்கத்திலா? இங்கேயா. சரி. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க, கதவு திறந்திருக்கிறது.

...

இந்தாங்க. படித்துப் பாருங்க. 'பரிதி என்னோடு பல டைவ் செய்தவர். பொறுமையானவர், நம்பிக்கையானவர், ஆபத்திலும் நிதானம் இழக்காதவர். இவரை எந்த வேலைக்கும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.' கீழே என் கையெழுத்து, தேதி. சீலும் வைத்திருக்கிறேன். உண்மையான சீல்.

அது இல்லையா?

இல்லை அக்கா, கேளுங்க. அந்த ஒரு வரியை எழுதினால் என் டைவிங் லைசென்ஸ் கார்டு போகும். வேலை போகும். இந்த ஊரில் யாரும் என்னைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அதை உங்கள் தம்பியே விரும்ப மாட்டான். அவன் ரெண்டு தடவை என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறான், அவன் செய்ததை நீங்களும் நானும் சேர்ந்து வீணாக்கலாமா? அந்தமான்காரர்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன். சாரிடமும் சொல்கிறேன், சமயம் பார்த்து. புயல் போகட்டும், சீசன் ஆரம்பிக்கட்டும், சார் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருக்கும்போது. உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் இல்லையா, ஒன்றையும் மறைக்கவில்லையே? அதுவே எனக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது.

நோட்டை ஏன் மூடுகிறீர்கள்? உட்காருங்க. டீ சொல்கிறேன். மழை விடட்டும், நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிடுகிறேன்.

அக்கா.

அக்கா, அது ஆபீஸ். ரோடு இந்தப் பக்கம்.